எழுப்புவதற்கு மட்டும்

அத்தியாயம் பதினொன்று

"எந்திரிங்கடி! கொழுந்து தானா வந்து கூடையில விழுமா? மூணு, எட்டு, ஒண்ணு! அமுக்குற வரைக்கும் நான் வாய மூட மாட்டேன்!"

விடியுமுன்பே லின்போர்ட் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தின் வரிசை வீடுகளில் ராசம்மாவின் குரல் வீட்டுக்கு வீடு கேட்டது. உண்மையான ராசம்மாவோ தன் வீட்டு அடுப்படியில் குந்தி, றொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தன் குரலே சுவருக்கு அப்பாலிருந்து விரட்டுவது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

"கேஷி, நான் இவ்வளவு கொடூரமாவா பேசுறேன்?"

"இல்லம்மா. போன்ல கொஞ்சம் கொறைச்சுத்தான் கேக்குது."

ஒவ்வொரு வீடாகக் குரல் அடங்கியது. ஒரு வீட்டில் மட்டும் அடங்கவில்லை. சற்றுப் பொறுத்து, அந்த வீட்டைச் சுற்றியிருந்த நான்கு வீட்டுப் போன்களும் ஒன்றாக அலறின. "தயானி எந்திரிக்கல! தயானி எந்திரிக்கல!"

போர்வையைச் சுற்றிக்கொண்டு நான்கு பெண்கள் வெளியே வந்தார்கள். தயானியின் தகரக் கதவு இடிபட்டது. அவிழ்ந்த கூந்தலும் இடுப்பில் குழந்தையுமாகத் தயானி கதவைத் திறந்தாள்.

"எந்திரிச்சிட்டேன், எந்திரிச்சிட்டேன்! கதவ ஒடைக்காதீங்கக்கா. இவன் ராத்திரி முழுக்கத் தூங்க விடல."

"குடு இவன. நீ மூஞ்சியக் கழுவு" என்று ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வாரா வாரம் கூட வருகிறவர்களுக்கு இந்தக் குரலின் கதை தெரியும். இன்றுதான் லயத்துப் படியேறுகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை.

கேஷிகா, ராசம்மாவின் இளைய மகள். ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்தவள். தலவாக்கலை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள், தயானி பெரட்டுக்குப் பிந்திப் போனாள். அன்றைய வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. திரும்பிப் போகச் சொன்ன கணக்கப்பிள்ளை வேறு யாருமில்லை, கேஷிகாவின் சொந்த அண்ணன் விஜேந்திரன்தான். கைக்குழந்தையோடு அழுதுகொண்டே திரும்பி வந்த தயானியைப் பார்த்த அன்றுதான், போனே ஆளை எழுப்பும்படி செய்யும் இந்த வேலையைக் கேஷிகா தொடங்கினாள். கடைக் கம்ப்யூட்டரில், முதலாளியம்மா சாப்பிடப் போகும் நேரங்களில்.

முதலில் செய்தது பாட்டுப் பாடியது. பெண்கள் தலையணைக்கடியில் போட்டு அமுக்கிவிட்டுத் தூங்கினார்கள். இரண்டாவது, திரையில் கூட்டல் கணக்குக் காட்டியது. எழுத்தும் எண்ணும் வாசிக்க வராத பார்வதி, அதன் கத்தல் தாங்காமல் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாள். அதன் பிறகே கேஷிகாவுக்குப் புரிந்தது. வாசிக்க வேண்டிய எதுவும் இதில் இருக்கக்கூடாது. காதில் விழ வேண்டும், விரல் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். பொத்தான் போனில் ஐந்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி தடவக் கிடைக்கும். அதை வைத்து மற்ற எண்களை இருட்டிலும் கண்டுபிடிக்கலாம். நாளுக்கொரு எண் சொல்ல, லயத்திலேயே யாரும் எதிர்த்துப் பேச முடியாத குரல் ஒன்று வேண்டியிருந்தது. ராசம்மாவை உட்கார வைத்துப் பூச்சியம் முதல் ஒன்பதுவரை திட்டச் சொல்லிப் பதிவு செய்தாள்.

கடைசியாகச் சேர்த்ததுதான் உயிர் கொடுத்தது. ஒரு வீடு எழவில்லை என்றால் பக்கத்து வீடுகள் எழுப்பும். அதன் பிறகு மேல் லயத்தில் யாரும் பெரட்டுக்குப் பிந்தவில்லை.

செய்தி தோட்ட ஆபீசுக்குப் போனது. அங்கிருந்து ஒரு விருப்பம் வந்தது. எழாதவர்களின் பேர் பக்கத்து வீட்டுக்குப் போவது போல ஆபீசுக்கும் போனால் என்ன? "என் தங்கச்சி செஞ்சு தருவா" என்று விஜேந்திரன் அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டான். கொழும்பிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்து பார்ப்பதாக நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த நாள் இன்று.

ராசம்மா ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டினாள். கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்ன காட்டப் போற அவங்களுக்கு?"

"இருக்கிறத."

"அண்ணன் ஒண்ண நெனைச்சுக்கிட்டுத் திரியிறான். பார்த்துப் பேசு" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கினாள் ராசம்மா. பேசாதே என்று அவள் சொல்லவில்லை. கேஷிகா அதைக் கவனித்தாள்.

*

பெரட்டு முடிந்து, ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு விஜேந்திரன் வந்தான். இருபத்தாறு வயது. முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஜாக்கெட், சப்பாத்தில் சிவப்பு மண். வீட்டுக்குள் வரும்போதும் ஏதோ மேற்பார்வைக்கு வருகிறவன் போலத்தான் வந்தான்.

"ரெடியா? கொழும்பு ஆளுங்க வட்டகொடையத் தாண்டிட்டாங்களாம்."

"எழுப்புறது ரெடியா இருக்கு."

"மத்தது?"

கேஷிகா கொடியிலிருந்த துணிகளை மடித்தாள்.

"கேஷி, உன்னோடதான் பேசுறேன். ஆபீசுக்குப் பேர் போறது. முடிச்சிட்டேன்னு சொன்னியே, போன்ல போட்டாச்சா?"

"அண்ணே, அன்னிக்கு தயானிய நீதானே திருப்பி அனுப்புன?"

"பிந்தி வந்தா திருப்பி அனுப்பச் சொல்லித்தான் எனக்கு வேலை குடுத்திருக்காங்க."

"அனுப்பிட்டு வந்து ரெண்டு நாளு சோறு இறங்கல உனக்கு. நான் பார்த்தேன்."

விஜேந்திரன் வாசல் பக்கம் திரும்பி நின்றான். திரும்பிப் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"இந்த மாசத்தோட எனக்குத் தவணை முடியுது. நெரந்தரமாக்கினா இருப்பேன், இல்லாட்டி எடுத்துருவாங்க. இந்த டிவிசன்ல லயத்துல பொறந்து கணக்கப்பிள்ளையானவன் நான் ஒருத்தன்தான். நான் மறுபடி மம்பட்டியத் தூக்கிக்கிட்டுப் போறத நீ பார்க்கணுமா?"

"வேணாம்."

"அப்புறம் என்ன?"

"வரேன். உள்ளத உள்ளபடி காட்டுறேன்."

'உள்ளது' என்றதை விஜேந்திரன் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டான். தங்கையின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் நடந்தான்.

*

ஆபீஸ் அறையில் மெழுகு போட்ட தரை. தோட்டத்து மனேஜரான பெரியதுரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கொழும்புக்காரர்கள் இருவர் குளிர் தாங்காமல் கைகளை அக்குளில் செருகிக்கொண்டிருந்தார்கள். பெரிய கிளாக்கர் குகநேசன் கதிரையொன்றை இழுத்துப் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தத் தோட்டத்துக்கு வந்து தலை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை.

"இரும் பிள்ளை. பயப்பிடாதையும். செய்ததைக் காட்டும், அவ்வளவுதான்."

கேஷிகா உட்கார்ந்தாள். விஜேந்திரன் சுவரோரமாக நின்றுகொண்டான். அவனுக்குக் கதிரை போடப்படவில்லை.

அவள் இரண்டு போன்களை மேசைமேல் வைத்தாள். ஒன்றில் நேரத்தை மாற்றினாள். சற்றைக்கெல்லாம் ராசம்மா ஆபீஸ் அறைக்குள் வந்துவிட்டாள்.

"எந்திரிங்கடி! கொழுந்து தானா வந்து கூடையில விழுமா?"

குகநேசன் வாய்விட்டுச் சிரித்தார். பெரியதுரைக்கும் சிரிப்பு வந்தது. கொழும்புக்காரர்களுக்கு அவர் சிங்களத்தில் விளக்க, அவர்களும் சிரித்தார்கள். ஏன் எண், ஏன் குரல், ஏன் படம் இல்லை என்று அவர்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கேஷிகா பதில் சொன்னாள். சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்திலேயே சொன்னாள். வாளிக்குள் போன போனைப் பற்றிச் சொன்னபோது இன்னொரு முறை சிரிப்பு எழுந்தது. எண் அமுக்காமல் விட்டாள். இரண்டாவது போன் அலறியது.

"ஹரி, சரி. ரொம்ப நல்லா செஞ்சிருக்க" என்றார் பெரியதுரை. "இப்ப ஆபீசுக்கு வர்றதக் காட்டு."

"அது இல்ல சார்."

விஜேந்திரன் சுவரை விட்டு நகர்ந்தான். அவள் 'துரை' என்று சொல்லாமல் 'சார்' என்றதும் அந்த அறையில் யார் காதுக்கும் தப்பவில்லை.

"செஞ்சு முடியலையா?"

"செஞ்சேன். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

கேஷிகா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் நினைவில் இல்லை. நடந்ததை மட்டும் சொன்னாள்.

"செஞ்சு முடிச்சு, சரியா வேலை செய்யுதான்னு பார்க்க என் போனையே ஆபீஸ் மாதிரி வச்சுக்கிட்டேன். மறுநா காலையில மொத பேரு வந்துச்சு. 'ராசம்மா எந்திரிக்கல'னு வந்துச்சு. எங்கம்மா. பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. தொட்டுப் பார்த்தா காய்ச்சல் அனலாக் கொதிக்குது. இத்தன வருசத்துல அந்த ஒருநாள்தான் எந்திரிக்க முடியல. அன்னிக்கு நான் செஞ்ச சாமானே எங்கம்மாவப் பத்தி எனக்குக் கோள் சொல்லுது சார். ஒடனே அழிச்சேன்."

"காய்ச்சல்னா சொல்லலாம்தானே. யாரும் அடிக்கப் போறதில்ல" என்றார் பெரியதுரை. பொறுமையாகத்தான் பேசினார். "பெரட்டுக்கு வராதவன் யாருன்னு விஜேந்திரன் எப்படியும் எழுதுறான். அதையே இந்தப் போன் சொன்னா என்ன வித்தியாசம்?"

கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. கேஷிகாவுக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

"பெரட்டுக்கு வந்தாங்களா இல்லையான்னு அண்ணன் எழுதட்டும். அது வேலை சம்பந்தப்பட்டது. யாரு எப்ப கண்ணு முழிச்சாங்க, யாரு பொரண்டு படுத்தாங்க, யாரு புள்ளையோட முழிச்சிருந்தாங்கங்கிறது வீட்டுக்குள்ள இருக்கிறது. அது ஆபீசுக்கு எதுக்கு சார்?"

"லயமும் தோட்டத்தோடதுதான், தெரியுமா?"

"தெரியும். செவரு உங்க செவரு சார். தூக்கம் எங்க தூக்கம்."

குகநேசன் மேசைமேலிருந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறும்" என்றார். "நான் உமக்கு எதிரியில்லை. ஆபீசிலை கம்ப்யூட்டருக்கு ஓராளை எடுக்க இருக்கினம். உம்மடை பேரைத்தான் நான் சொல்லியிருக்கிறன். இதை ஒருக்கால் செய்து குடுத்தால் உமக்கும் நல்லது, விஜேந்திரன் தம்பிக்கும் நல்லது. வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சிட்டேன் ஐயா. பெத்த தாயி எந்திரிக்கலைனு எழுதி வேலைக்குச் சேர்ந்தா, அந்தச் சம்பளத்துல அவங்களுக்கு என்ன வாங்கிக் குடுக்கிறது?"

பெரியதுரை அவளை விட்டு விஜேந்திரன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. செஞ்சு தருவாளா, மாட்டாளா?"

"தருவா, துரை. சின்னப் புள்ள. நான் பேசுறேன்."

"தரமாட்டேன்" என்றாள் கேஷிகா.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பெரியதுரை எழுந்தார்.

"அப்ப இதுவும் வேணாம். ஆபீசுக்குத் தெரியாத ஒண்ணு என் டிவிசன்ல ஓடக்கூடாது. விஜேந்திரன், பகல் நிறுவைக்கு எல்லாரும் வருவாங்கதானே? போனையெல்லாம் வாங்கி இத அழிச்சிடு. நீயே செய்யணும்."

விஜேந்திரன் தலையாட்டினான். கேஷிகா இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளை யாரும் போகச் சொல்லியிருக்கவில்லை.

*

ஆபீசிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு லொறி ரோட்டு வளைந்து வளைந்து ஏறும். தேயிலைக்குள் குறுக்குப் பாதையும் ஒன்று இருக்கிறது. கேஷிகா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கே ஏறினாள். ஈரச் செடிகள் பாவாடையை நனைத்தன. அட்டை ஒன்று காலில் ஏறியதைக்கூடப் பிறகுதான் பார்த்தாள்.

பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து ஏற்றும் லொறியின் மட்காட்டில் சாய்ந்து டிரைவர் சிவசாமி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க நின்ற மகளைப் பார்த்ததும் ராசம்மா எழுந்தாள்.

"என்னடி, அடிச்சாங்களா?"

"இல்லம்மா. அண்ணன் இப்ப வரும். எல்லார் போன்லயும் இருக்கிறத அழிக்கச் சொல்லிட்டாங்க."

நடந்ததை அவள் சொல்லச் சொல்லப் பெண்கள் நெருங்கி வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை.

"குடுத்துத் தொலைச்சிருக்கலாம் புள்ள" என்றாள் பார்வதி. "நாங்கதான் இப்ப நேரத்தோட எந்திரிக்கிறோமே. பேரு போனா போகட்டும். இவங்களோட மல்லுக்கு நின்னு யாரு தாங்குறது?"

"நீங்க நேரத்தோட எந்திரிக்கிறீங்கக்கா" என்றாள் தயானி. "என் பேருதான் தெனமும் போகும். புள்ளைக்கு நெஞ்சுச் சளி தீர்ற வரைக்கும் போகும். பெரட்டுக்கு நான் சரியா வந்து நின்னாலும், 'ஒன்ன எழுப்ப நாலு பேரு தேவைப்படுது'னு ஆபீசுல இருக்கும். நாளைக்கு ஆளக் கொறைக்கணும்னா மொதல்ல யாரு?"

பார்வதி இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாளிக்குள் விழுந்து எழுந்த அதே போன்.

சிவசாமி தேத்தண்ணிக் கோப்பையை மட்காட்டின்மேல் வைத்தார்.

"புள்ள, இத ஒரு போன்லருந்து இன்னொண்ணுக்கு அனுப்ப ஏலுமா?"

"ஏலும் மாமா. புளூடூத் இருந்தா போதும். காசு போகாது."

"அப்ப எனக்கு அனுப்பு. நான் நாலு டிவிசனுக்கும் போறவன். சாயங்காலம் பொகவந்தலாவைக்கும் ஒரு நடை இருக்கு. இங்க அழிச்சா அங்க இருக்கட்டுமே."

கேஷிகா அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். இதற்கு அவள் சம்மதம் வேண்டும். அதில் பேசுவது அவள் குரல். வேலை போகப் போவதும் அவள் பெற்ற மகனுக்குத்தான்.

ராசம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"அனுப்பு" என்றாள். "பொகவந்தலாவையிலயும் ஒருத்தி எந்திரிக்க மாட்டாம கெடப்பா. போய்த் திட்டிட்டு வரேன்."

பெண்கள் சிரித்தார்கள். இது இன்னும் ஏறாத மற்ற லயத்துப் பெண்கள் பொலித்தீன் பைக்குள் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்த போன்களும் வெளியே வந்தன. தங்கள் போனில் அது ஓடாது என்று தெரிந்த சிலர், புருசன் போனையும் மகன் போனையும் எடுத்துவர லயத்துக்கு ஆள் அனுப்பினார்கள். கேஷிகா ஒன்றில் ஏற்றினாள். அது இன்னொன்றில் ஏற்றியது. எங்கே அமுக்குவது என்று ஒருத்திக்கு மற்றவள் சொல்லிக் கொடுத்தாள். கேஷிகா கையை எடுத்த பிறகும் அது பரவிக்கொண்டேயிருந்தது.

அந்த நேரத்தில்தான் விஜேந்திரன் வந்து சேர்ந்தான்.

நடப்பது என்னவென்று ஒரு பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்தது. முகம் கறுத்தது.

"எல்லாரும் போனக் குடுங்க" என்றான்.

யாரும் அசையவில்லை.

"உங்களத்தான் சொல்றேன். துரையோட உத்தரவு. பார்வதிக்கா, குடுங்க."

பார்வதி போனை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "ஏன் தம்பி, உள்ள கைய விட்டு எடுக்கப் போறியா?"

அவன் காதுவரை சிவந்தான். தங்கையைப் பார்த்துக் கத்தினான். "எல்லாம் ஒன்னாலதான்டி! ஒனக்கென்ன, டவுன்ல கடை இருக்கு. என் கதி?"

"அவகிட்ட எதுக்குக் கத்துற?" ராசம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கேக்குறத என்கிட்டக் கேளு."

"எனக்கு என்னம்மா வழி? நீயே சொல்லு."

"நீ பள்ளிக்கூடம் போன காலத்துல, ஒருநாளாவது நீயா எந்திரிச்சிருக்கியா?"

"இப்ப அதுக்கும் இதுக்கும்…"

"எந்திரிச்சிருக்கியா?"

"இல்ல."

"நான்தான் எழுப்புனேன். தண்ணி தெளிச்சு எழுப்புனேன், கால இழுத்து எழுப்புனேன். எழுப்பி அனுப்பிட்டு நான் மலைக்கு ஓடுனேன். ஒருநாளாவது பள்ளிக்கூடத்துக்கு வந்து, இவன் எந்திரிக்க மாட்டேங்குறான்னு வாத்தியார்கிட்ட சொல்லியிருக்கேனா?"

விஜேந்திரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா ஒன்னைய அப்பவே விரட்டியிருப்பாங்க. நீ இந்தச் சப்பாத்துப் போட்டுருக்க மாட்ட." ராசம்மா கூடையைத் தராசில் தொங்கவிட்டாள். "என் போனு இந்தா, மடியில இருக்கு. எடுத்து அழிக்கணும்னா அழி. இல்லாட்டி கொழுந்த நிறு. ரெண்டுல ஒண்ணச் செய்யி. வெயில் ஏறுது."

சிவசாமி லொறிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். மடுவத்தின் தகரக் கூரையில் காகம் ஒன்று நடக்கும் சத்தம் கேட்டது.

விஜேந்திரன் தராசு முள்ளைப் பார்த்தான். பிறகு நிறையைச் சத்தமாகச் சொன்னான்.

"அடுத்தாள் வாங்க" என்றான்.

*

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. விஜேந்திரன் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தான். நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ராசம்மா சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் கை வைக்கவில்லை.

"நான் அழிக்கலைன்னு துரைக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்குக் காலையில என்னையும் கேஷியையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காரு."

"வரேன்" என்றாள் கேஷிகா.

"அதில்ல. இன்னொண்ணு இருக்கு." அவன் தலையைத் தூக்கவில்லை. "அம்மாவுக்குக் காய்ச்சல் அடிச்சுச்சே, அதுக்கு மொதநா. நீ வேலைய முடிச்சிட்டேன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போன. ஒன் பையில பென் டிரைவ் இருந்துச்சு. நான் எடுத்துட்டுப் போய்க் கிளாக்கர் ஐயாகிட்டக் குடுத்து, அதுல உள்ளதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டேன்."

கேஷிகாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து நின்றாள்.

"நான் அழிச்சதும் அதுல இருந்துச்சா?"

"ஆமா. ஆபீசுக்குப் பேர் போறது. எல்லாம் இருக்கு. ஐயா சும்மாதான் வச்சிருந்தாரு. இன்னிக்குக் கொழும்புக்காரங்க அத எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்ககிட்ட எழுதுற ஆளு இருக்கானாம். எல்லாத் தோட்டத்துக்கும் அதப் போடப் போறாங்களாம்."

மழைச் சத்தம் கூரையை நிறைத்தது. கேஷிகா அண்ணனை அடித்துவிடுவாள் போல நின்றாள். அடிக்கவில்லை. அழவும் இல்லை.

"நான் எழுதினது" என்றாள். "என் கையால எழுதினது அண்ணே. அத வச்சு நம்ம ஆளுங்களையே…" மூச்சை இழுத்து விட்டாள். "போகட்டும். அது எப்படி வேலை செய்யும்னு அவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். என்ன செய்யும், யாரப் பத்திச் சொல்லும்னு நான் ஒவ்வொரு லயமாப் போய்ச் சொல்றேன். எவ போன்லயும் அது ஏற விடமாட்டேன். நாளைக்கு ஆபீசுல வச்சே இதச் சொல்லுவேன்."

"ஒன்னைய உள்ள கூப்பிட்டு மெரட்டுவாங்கடி" என்றான் விஜேந்திரன். "நாம ரெண்டு பேரு. அவங்க…"

"யாரு ரெண்டு பேரு?" ராசம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகல. ஆபீசுக்கு வரேன்."

"அம்மா!"

"காய்ச்சல்ல கெடந்தது நான். எந்திரிக்கலைனு வந்தது என் பேரு. என்கிட்டக் கேக்காம என் குரலக் கொழும்புக்குக் குடுத்து விட்டவங்கள நான் பார்க்க வேணாமா?"

லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தயானியின் குரல் வந்தது.

"அக்கா, நானும் வரேன்."

"புள்ளைய வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குடி?"

"புள்ளையோடதான் வரேன்."

அதற்கும் அப்பாலிருந்து பார்வதி ஏதோ கேட்டாள். தயானி அவளுக்குச் சொன்னாள். பார்வதி அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். பேச்சு மேல் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவரை போய், மழைக்கு மேலாகச் சத்தமாகத் திரும்பி வந்தது.

விஜேந்திரன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். அந்தக் குரல்களை அவனால் ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது. தினமும் காலையில் அவன் பேர் கூப்பிடுகிற பெண்கள்.

"அம்மா, நாளைக்குப் பெரட்டுல நிக்கிறவன் நான்" என்றான். "பேரு கூப்பிடணும். மேல் லயத்துலருந்து ஒருத்தியும் வரலைன்னா, ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஏதாவது எழுதியாகணும். நான் என்னன்னு எழுதுறது?"

ராசம்மா சோற்றுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லாரும் எந்திரிச்சிட்டாங்கன்னு எழுது" என்றாள்.